மணிக்கட்டை உடைக்காதே!

ரொம்ப நாளா ஆளையே காணோமேன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்லலாம். உண்மை என்னன்னா கை உடைஞ்சு போச்சு. வலது கை. சோறு திங்கற கை, கோடிங் பண்ற கை, எல்லாமே அதுதான்.

நவம்பர் முதல் வாரம். மஹிந்திரா சிட்டி ஆபீஸ்லேருந்து செங்கல்பட்டு வீட்டுக்கு பைக்ல வந்துட்டிருந்தேன். மழை விட்டு தூறல். பரனூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு நாய் குறுக்கே வந்துச்சு. முன் பிரேக்கை ஒரே அழுத்து. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹெல்மெட் புண்ணியத்துல தலைக்கு ஒண்ணும் ஆகல (மக்களே, ஹெல்மெட் போடுங்க). ஆனா விழும்போது எல்லாரும் செய்யற மாதிரி உள்ளங்கையைத் தரையில ஊனிட்டேன்.

இப்படி ஊனறவங்களுக்கு மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல ரேடியஸ் எலும்பு உடையறது உலகம் பூரா சகஜமாம். ஆபிரகாம் காலிஸ்னு டப்ளின்ல இருந்த ஒரு டாக்டர் 1814லயே இதைப் பத்தி எழுதினதால, அவர் பேரையே இந்த முறிவுக்கு வெச்சுட்டாங்க. எக்ஸ்ரே கண்டுபிடிக்கறதுக்கு 81 வருஷம் முன்னாடி, கையால தடவிப் பார்த்தே எழுதியிருக்கார். ஆறு வாரம் மாவுக்கட்டு. சொந்தக்காரங்க வரிசையா போன் பண்ணி, "புத்தூர் கட்டு போட்டிருக்கலாமே"ன்னு துக்கம் விசாரிச்சாங்க.

இந்த நேரம் பார்த்து அம்மா வீட்ல இல்லை. அக்காவுக்குப் பிரசவம்னு பெங்களூர் போயிருந்தாங்க. வீட்ல நானும் அப்பாவும் மட்டும்.

அப்பா ரயில்வேல சிக்னல் மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவர். பேச்சு கம்மி. "சாப்ட்டியா", "வண்டிக்கு பெட்ரோல் இருக்கா", இதுக்கு மேல எங்களுக்குள்ள வருஷக்கணக்கா பெரிய உரையாடல் ஒண்ணும் நடந்ததில்லை. அப்படிப்பட்டவர் திடீர்னு எனக்குத் தலை தேய்ச்சு விடறார். கட்டு நனையாம பாலிதீன் கவரைச் சுத்தி ரப்பர் பேண்ட் போடறார். சாதத்தைப் பிசைஞ்சு ஸ்பூனோட தட்டுல வைக்கறார். 28 வயசுல இதெல்லாம் வாங்கிக்கறது, அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும், அவ்வளவு சுலபமில்லை.

ஒரு நாள் வீடியோ மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. சட்டை பட்டன் போட வந்தார். எனக்கு என்ன கோபமோ, "விடுங்கப்பா, நான் என்ன கைக்குழந்தையா?"ன்னு கத்திட்டேன். "சரி"ன்னு ஒரே வார்த்தை. போய்ட்டார். அதுக்கப்புறம் அவரா வந்து எதுவும் செய்யலை. கேட்டா செஞ்சிருப்பார். நான் கேட்கலை. டீ ஷர்ட்டுக்கு மாறிட்டேன்.

டிசம்பர் நடுவுல கட்டைப் பிரிச்சாங்க. உள்ளேயிருந்து வந்தது என் கை மாதிரியே இல்லை. மெலிஞ்சு, தோல் உரிஞ்சு, ஏதோ வாடகைக்கு வாங்கின கை மாதிரி இருந்துச்சு. விரல் மடங்குது. ஆனா மணிக்கட்டு மரக்கட்டை. உள்ளங்கையை மேல பார்த்துத் திருப்பச் சொன்னாங்க. பாதியிலேயே நின்னுடுச்சு. நாம கவனிக்கறதே இல்லை, ஆனா தீர்த்தம் வாங்க, மிச்சம் சில்லறை வாங்க, சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக எல்லாத்துக்கும் அந்தத் திருப்பல் வேணும்.

ஃபிசியோதெரபி தினமும். பந்து அமுக்கறது, ரெண்டு கையையும் கும்பிட்டு அழுத்தறது, சுத்தியலைப் பிடிச்சு மெதுவா சாய்க்கறது. "மூணு மாசம் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்"னாங்க. பகல்ல இடது கையால ஒவ்வொரு எழுத்தா தட்டிட்டிருப்பேன். டீம்ல யாரும் எதுவும் சொல்லலை. அதுதான் பயமா இருந்துச்சு. ராத்திரி படுத்துக்கிட்டு, இந்தக் கை இப்படியே நின்னுட்டா நமக்கு வேற என்ன தொழில் தெரியும்னு யோசிப்பேன். விடை வராது. தூக்கமும் வராது.

போகி அன்னிக்கு அப்பா பரண் சுத்தம் பண்ணிட்டிருந்தார். மேலேயிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்து, "இது இன்னாத்துக்குடா? போட்டுடலாமா?"ன்னார்.

அதுக்குள்ள இருந்தது என் ஃப்ளை ஃபிஷிங் தூண்டில்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். கொஞ்ச வருஷம் முன்னாடி டென்வருக்கு எட்டு மாசம் ஆன்சைட் போயிருந்தேன். ஊருக்கு நடுவுலயே சவுத் ப்ளாட்னு ஒரு ஆறு ஓடுது. க்ளையண்ட் ஆபீஸ்ல ரிட்டையர் ஆகப் போற ஒரு பெரியவர் ஒரு சனிக்கிழமை என்னை அங்கே கூட்டிட்டுப் போனார். ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1992ல எடுத்த 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' படம் பார்த்திருக்கீங்களா? அதுல ஒரு பாதிரியார் அப்பா, மெட்ரோனோம் வெச்சு நாலு எண்ணிக்கையில பசங்களுக்குத் தூண்டில் வீசச் சொல்லிக் கொடுப்பார். அதே வித்தைதான்.

நம்ம ஊர் தூண்டில்ல இரை, ஈயம், தக்கை இதோட எடைதான் தங்கூசியை இழுத்துக்கிட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்ல தலைகீழ். முள்ளுல இறகும் நூலும் கட்டி ஒரு பொய்ப் பூச்சி பண்ணியிருப்பாங்க. அதுக்கு எடையே கிடையாது. எடையெல்லாம் கயிறுலதான். அந்தக் கயிறைப் பின்னாடி வீசி, அது காத்துல முழுசா நீளறவரைக்கும் காத்திருந்து, அப்புறம் முன்னாடி தள்ளணும். அவசரப்பட்டா சாட்டை மாதிரி 'பட்'டுனு அடிச்சு பூச்சி அறுந்து போயிடும். தாமதிச்சா கயிறு பின்னாடி செடியில போய் மாட்டும்.

புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. முழங்கையையும் முன்னங்கையையும் அசைக்காம, மணிக்கட்டை மட்டும் வெட்டி வெட்டி வீசறது. அந்தப் பெரியவர் நாள் பூரா என் காதுல ஓதினது ஒரே வாக்கியம்தான். "மணிக்கட்டை உடைக்காதே." அவங்க பாஷையில அப்படித்தான் சொல்வாங்களாம், மடக்காதேன்னு அர்த்தம். எட்டு மாசமும் நான் உடைச்சுக்கிட்டேதான் இருந்தேன். பழசா ஒரு தூண்டில் மலிவா வாங்கி, ஊருக்குக் கொண்டு வந்து, பரண்ல போட்டு மறந்தாச்சு.

குழாயைப் பிரிச்சு நாலு துண்டையும் சேர்த்து, அப்பா முன்னாடியே கூடத்துல நின்னு சும்மா வீசிப் பார்த்தேன். மணிக்கட்டு அசையவே இல்லை. அசையாதே, அதுதான் மரக்கட்டையாச்சே! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கட்டைப் பிரிச்சதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் முதல் சிரிப்புன்னு நினைக்கறேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பாலாத்துல தண்ணி போவுதாம்"னார்.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. அப்பா ஒரு காலத்துல தீவிரமான தூண்டில்காரர். சின்ன வயசுல ஞாயித்துக்கிழமையானா என்னை சைக்கிள்ல முன்னாடி உக்கார வெச்சு கொளவாய் ஏரிக்குப் போவார். செங்கல்பட்டு ரயில்ல வந்தவங்க ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்களே, அந்த ஏரிதான். மூங்கில் கோல், மயில் இறகுத் தண்டுல தக்கை, டப்பாவுல மண்புழு. நான் ஒன்பதாவது போனதும் ஞாயித்துக்கிழமை டியூஷன் வந்துச்சு. அப்புறம் நுழைவுத் தேர்வு, இன்ஜினியரிங், வேலை. அவர் ஒரு தடவைகூட "வர்றியா"ன்னு கேட்கலை. நானும் நினைக்கலை.

ஃபிசியோகிட்ட அனுமதி கேட்டேன். "எவ்வளவு எடை?"ன்னாங்க. "நூறு கிராம் சொச்சம்." "அரை மணி நேரம். வலிச்சா நிறுத்திடணும். முக்கியமா, விழக்கூடாது"ன்னாங்க.

காணும் பொங்கலுக்கு மறுநாள் கிளம்பினோம். காணும் பொங்கல் அன்னிக்கே போயிருந்தா மாமல்லபுரம் கூட்டத்துல நசுங்கியிருப்போம். மதியம் பஸ் ஏறி திருக்கழுக்குன்றம், அங்கேயிருந்து சதுரங்கப்பட்டினம், அப்புறம் ஒரு ஆட்டோ பிடிச்சு வாயலூர். பஸ்ல எனக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துட்டு, என் வலது கைப் பக்கம் யாரும் இடிக்காம அப்பா அணை மாதிரி உக்கார்ந்து வந்தார். நான் கேட்காமதான். நானும் ஒண்ணும் சொல்லலை.

பாலாறு கர்நாடகாவுல நந்தி மலையில கிளம்பி சுமார் 350 கிலோமீட்டர் வந்து வாயலூர்கிட்ட கடல்ல சேர்ற ஆறு. வருஷத்துல முக்கால்வாசி நாள் இதுல மணல்தான் ஓடும். 2021 நவம்பர்ல வெள்ளம் கரை புரண்டப்போ பாலத்துல நின்னு பார்த்தவங்க இதுவா அதுன்னு வாயைப் பொளந்தாங்க. கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறாம இருக்கவும், நல்ல தண்ணியைத் தேக்கவும் வாயலூர்ல தடுப்பணை கட்டி 2019ல முடிச்சாங்க. அதனால மழை முடிஞ்ச கையோட போனா இங்க அகலமா, அமைதியா தண்ணி நிக்கும்.

இந்த ஊர்ல இறகுப் பூச்சியால மீன் பிடிக்கறது பைத்தியக்காரத்தனம்னு நினைப்பீங்க. ஆனா நான்தான் முதல் பைத்தியம்னு சொல்லிக்க முடியாது. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு துரை, 1873லயே 'தி ராட் இன் இண்டியா'ன்னு தடி புத்தகம் போட்டிருக்கார். ஆத்துலயும் மலையிலயும்தான் பிடிக்கணும்னு இல்லைன்னு, ஏரி குளத்துல தூண்டில் போடறதுக்கே 1887ல தனியா இன்னொண்ணு. வெள்ளைக்காரங்களுக்கு இந்த ஆசை எவ்வளவு முத்திப் போச்சுன்னா, ஊர்ல பிடிச்ச ட்ரவுட் மீனையே நீலகிரிக்குக் கொண்டு வரணும்னு 1860கள்லேருந்து முயற்சி பண்ணி, கடைசியா 1907ல அவலாஞ்சியில குஞ்சு பொரிக்கற பண்ணையே வெச்சுட்டாங்க. நமக்கு அவ்வளவெல்லாம் வேணாம். இருக்கற கெண்டையே போதும்.

நாலரை மணி இருக்கும். அப்பா தன் மூங்கில் கோலை ரெண்டு நிமிஷத்துல தயார் பண்ணிட்டார். எனக்கு முதல் தடங்கலே பூச்சியைக் கட்டறதுல. முள்ளோட காது ஊசிக் காது அளவுதான் இருக்கும். அதுல தலைமுடி மாதிரி நரம்பைக் கோத்து, அஞ்சு சுத்து சுத்தி, திரும்ப வளையத்துக்குள்ள விட்டு இழுக்கணும். வலது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சின்ன சாமானைக் கவ்வ மாட்டேங்குது. ரெண்டு தடவை பூச்சி மணல்ல விழுந்துச்சு. மூணாவது தடவை தேடி எடுத்தப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும் போல ஆயிடுச்சு. வலியில இல்லை.

அப்பா பத்தடி தள்ளி தண்ணியைப் பார்த்துக்கிட்டு நின்னார். பார்க்காத மாதிரி.

"அப்பா"ன்னேன். "இதைக் கொஞ்சம் கட்டிக் குடுங்களேன்."

உடனே வந்தார். பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்திருந்தார்! பூச்சியைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போறார், தள்ளி நீட்டறார், ஓட்டை தெரியலை. கடைசியில, அவர் பூச்சியையும் நரம்பையும் பிடிச்சுக்க, நான் "லெஃப்ட்ல கொஞ்சம், மேல, இன்னும் மேல, ஆங், தள்ளுங்க"ன்னு வழி சொன்னேன். உள்ளே போயிடுச்சு. கோத்தப்புறம் அவருக்குக் கண்ணே தேவைப்படலை. முப்பது வருஷம் சிக்னல் ஒயர் முறுக்கின விரல். அஞ்சு சுத்து, வளையம், எச்சில் தொட்டு ஈரம் பண்ணி மெல்ல இழுத்தார். "ஈரம் பண்ணாம இழுத்தா சூட்டுல நரம்பு வீக் ஆயிடும்"னார். டென்வர் பெரியவரும் இதையேதான் சொன்னார்.

வீச ஆரம்பிச்சேன். முதல் நாலஞ்சு தடவை கோணல்மாணல். கரையில வீச்சு வலையோட ஒரு பெரியவர் வந்து நின்னு வேடிக்கை பார்த்தார். "இன்னா தம்பி, மீனுக்கு மூக்குத்தி குத்தப் போறியா?"ன்னார். அப்புறம் அவர் வலையைத் தோள்ல மடிச்சு, இடுப்பைத் திருப்பி வீசினார். வட்டமா விரிஞ்சு விழுந்துச்சு. கவனிச்சுப் பார்த்தேன். அவர் மணிக்கட்டும் மடங்கலை. உடம்புதான் திரும்புது.

அதுக்கப்புறம் எனக்குப் பிடி கிடைச்சுது. பின்னாடி வீசு, நில்லு, கயிறு நீளட்டும், முன்னாடி. அந்த 'நில்லு'ங்கற இடத்துல தோள்ல ஒரு சின்ன இழுப்பு தெரியும். கயிறு நீண்டுடுச்சுங்கறதுக்கு அதுதான் சேதி. எட்டு மாசம் டென்வர்ல எனக்கு வராத அந்த இழுப்பு, கையை உடைச்சுக்கிட்டு பத்து வாரம் கழிச்சு பாலாத்துல வந்துச்சு. நான் ஒண்ணும் கத்துக்கலை. மணிக்கட்டு மடங்காததால, அவசரப்பட வழியில்லாம போச்சு, அவ்வளவுதான்.

கையைத் தூக்கி அப்படியே நின்ன ஒரு தடவை அப்பா, "இன்னாடா, மகாபலிபுரத்து அர்ச்சுனன் மாதிரி நிக்கறே?"ன்னார்.

"அப்ப நீங்க அந்தப் பூனை"ன்னேன். அந்தச் சிற்பத்துல எலிகளுக்கு நடுவுல கையைத் தூக்கிக்கிட்டு பொய்த் தவம் பண்ணுமே, அது. தக்கையையே பார்த்துக்கிட்டு அசையாம உக்கார்ந்திருந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்னு தெரியலை.

அவருக்கு மூணு ஜிலேபிக் கெண்டை விழுந்துச்சு. வலைக்காரப் பெரியவருக்கு மடவை. எனக்கு ஒண்ணும் இல்லை. சூரியன் இறங்கினதும் தண்ணி மேல சின்னச் சின்னப் பூச்சிங்க பறக்க ஆரம்பிச்சுது. அங்கங்க வளையம் வளையமா தண்ணி அசைஞ்சுது. வெளிச்சிக் கெண்டை மேல வந்து பூச்சி பிடிக்குது. வளையத்துக்குக் கொஞ்சம் மேல வீசினேன். பூச்சி மிதந்து வந்துச்சு. 'சுளுக்'.

விரல் நீளம்தான் இருக்கும். ஆனா அந்த மெல்லிசு தூண்டில்ல அது துடிச்ச துடிப்பு முழங்கை வரைக்கும் வந்துச்சு. கரைக்கு இழுத்து, கையை நனைச்சு, வலது உள்ளங்கையில ஏந்தினேன். ஆமா, ஏந்தினேன். என்னையறியாம கை திரும்பியிருந்துச்சு. முழுசா இல்லை, முக்கால்வாசி. அந்த மிச்சம் கால்வாசிச் சரிவுலதான் மீன் வழுக்கி, அப்பா முள்ளை எடுத்த அடுத்த நொடி தண்ணியில விழுந்து ஓடிப் போச்சு.

"போவட்டும் வுடு, சின்னது"ன்னார் அப்பா. அவர் மீனைப் பார்க்கலை. என் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்.

அரை மணி நேரம்னு சொன்னது ஒரு மணி நேரம் ஆயிடுச்சு (ஃபிசியோ இதைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியம்தான்). ராத்திரி கை வீங்கி ஐஸ் வெச்சேன். அப்பா மூணு ஜிலேபியையும் அவரே ஆஞ்சு குழம்பு வெச்சார். முள்ளு எடுத்து தட்டுல ஓரமா வெச்சார். நான் ஸ்பூனைத் தள்ளிட்டு கையால சாப்பிட ஆரம்பிச்சேன். பாதி சட்டையில சிந்துச்சு. ரெண்டு பேருமே அதைப் பத்திப் பேசலை.

மறுநாள் காலையில க்ளையண்ட் மீட்டிங். பீரோவுலேருந்து சட்டையை எடுத்து மாட்டினேன். கீழே நாலு பட்டன் நானே போட்டுட்டேன். கழுத்துப் பட்டன் மட்டும் வரலை. கூடத்துல பேப்பர் படிச்சிட்டிருந்தவர் முன்னாடி போய் நின்னு கழுத்தைத் தூக்கிக் காட்டினேன். பேப்பரை மடிச்சு வெச்சார். கண்ணாடியைத் தேடினார்.

"எதுக்குப்பா, நேத்து கண்ணாடி இல்லாமதானே முடிச்சு போட்டீங்க?"

"அதுக்கு நீ வழி சொன்னே"ன்னார்.

இதை ரெண்டு கையாலயும்தான் தட்டிட்டிருக்கேன். பழைய வேகம் இன்னும் வரலை. என் தூண்டில் இப்போ பரண்ல இல்லை. கதவுக்குப் பின்னாடி, மூங்கில் கோலுக்குப் பக்கத்துல நிக்குது. பாலாத்துல தண்ணி வத்தறதுக்குள்ள இன்னொரு தடவை போகணும்னு அப்பா சொல்லியிருக்கார். "வர்றியா"ன்னு கேட்டார்.

பி.கு.: அந்த நாய் நல்லா இருக்கு. போன வாரம் ஆபீஸ் கேப்ல போறப்போ அதே இடத்துல பார்த்தேன். இந்தத் தடவையும் குறுக்கேதான் வந்துச்சு.